முதல் மரச்செதுக்கு: புத்தகப் பக்கத்துக்கு ஓர் இறகு

அத்தியாயம் முடிந்ததும் பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அந்த இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் இருக்கும். வேலியோரம் நிற்கும் நாய், மழையில் குனிந்து நடக்கும் ஆள், கிளையில் ஒரு குருவி. அதை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். குருவியின் மார்புத் தூவி ஒவ்வொன்றும் தனித்தனி வெள்ளைக் கோடாகத் தெரியும். கறுப்பு மை தொட்ட பேனாவால் அவ்வளவு மெல்லிய வெள்ளைக் கோட்டை யாராலும் வரைய முடியாது. அது மரத்தில் உளியால் கீறியது.

இந்த வேலையைத் தொடங்க ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு சிறிய கட்டையில் ஓர் இறகைச் செதுக்கி, அச்செடுத்து, புத்தகப் பக்கத்தில் அதை உட்காரவைப்பது வரை போகலாம். ஏன் இறகு என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எந்த மரச்செதுக்கு?

தமிழில் மரச்செதுக்கு என்று சொன்னால் இரண்டு வேலைகள் கலந்துவிடுகின்றன. ஒன்று உட்கட். மரத்தை நெடுக அறுத்த பலகையில், கத்தியாலும் குழிவான உளியாலும் செய்வது. இன்னொன்று உட் எங்ரேவிங். இதற்கு மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்குவார்கள். நாம் பேசப்போவது இந்த இரண்டாவது.

வித்தியாசம் பெரியது. பலகையில் நார் ஒரே திசையில் ஓடும். நாரோடு போனால் உளி வழுக்கும், குறுக்கே போனால் மரம் சிலும்பும். குறுக்குவெட்டில் நார்களின் நுனிகள்தான் மேலே பார்க்கும், பிரஷ்ஷைத் தலைகீழாக நிறுத்தியதுபோல. அதற்குத் திசையே கிடையாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் உளி ஒரே மாதிரி போகும், தலைமுடி அளவுக் கோடும் உடையாமல் நிற்கும்.

இந்த முறையின் வலிமையை உலகத்துக்குக் காட்டியவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேலை செய்த தாமஸ் பியூயிக் (1753–1828). பதினான்கு வயதில் ஓர் உலோகச் செதுக்குப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர். உலோகத்தைக் கீறும் உளியை எடுத்து, பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டில் ஓட்டினார். அவருடைய விலங்குகள் புத்தகம் 1790-ல் வந்தது, பறவைகள் புத்தகத்தின் இரண்டு பாகங்கள் 1797-லும் 1804-லும் வந்தன. நான் மேலே சொன்ன குட்டிப் படங்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

புத்தகத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்தியது? செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தில் மை பள்ளத்தில் நிற்கும். அதை எடுக்க வேறு மாதிரி பிரஸ் வேண்டும், பெரும்பாலும் தனித் தாளும் வேண்டும். மரக்கட்டையில் மை மேட்டில் நிற்கும், ஈய எழுத்தில் நிற்பதுபோலவே. கட்டையின் உயரத்தை எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வைத்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே மையில், ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். ஆங்கில, அமெரிக்க அச்சகங்களில் அந்த உயரம் 0.918 அங்குலம், ஏறக்குறைய 23.3 மில்லிமீட்டர். கட்டை வாங்கும்போது இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இப்போது கையால் தேய்த்துத்தான் அச்செடுக்கப்போகிறீர்கள் என்றாலும், என்றைக்காவது அந்தக் கட்டை எழுத்துகளோடு பிரஸ்ஸில் ஏறும்.

வெள்ளையில் யோசிப்பது

செதுக்காத கட்டையில் மை தடவி அச்செடுத்தால் முழுக் கறுப்பு வரும். உளி பட்ட இடமெல்லாம் வெள்ளை. நீங்கள் இருட்டில் தொடங்கி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டே போகிறீர்கள். பென்சிலில் பழகிய கைக்கு இது தலைகீழ். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது உளியில் இல்லை, இங்கேதான் என்பது என் அனுபவம்.

பேனாவில் வரைந்த ஒரு கறுப்புக் கோட்டைக் கட்டையில் கொண்டுவர வேண்டுமானால் அதன் இரு பக்கமும் வெட்டி, நடுவில் ஒரு சுவரை விட்டுவைக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு இரண்டு வெட்டு, கூடவே சுற்றியிருக்கும் வெற்றிடத்தையும் தோண்டியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான புத்தகப் படங்களை இப்படித்தான் செய்தார்கள். ஓவியர் வரைந்து கொடுப்பார், பட்டறைக்காரர்கள் அந்தக் கோட்டைத் தப்பாமல் விட்டுவைத்து மீதியை எடுப்பார்கள். 1865-ல் வந்த லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதைக்கு ஜான் டெனியல் வரைந்த 42 படங்களும் டால்சியல் சகோதரர்களின் பட்டறையில் இப்படிச் செதுக்கப்பட்டவை. அபாரமான கைத்திறன்தான். ஆனால் அங்கே உளி இன்னொருவருடைய பேனாவுக்குப் பின்னால் ஓடுகிறது.

வெள்ளைக் கோட்டு முறையில் ஒரு வெட்டு ஒரு கோடு. உளியே வரைகிறது. நூற்றாண்டின் கடைசியில் போட்டோ முறைகள் வந்து பட்டறைகளின் வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, ஓவியர்கள் உளியைத் தாங்களே கையில் எடுத்தார்கள். பிரிட்டனில் 1920-ல் மரச்செதுக்காளர்களுக்கென்று ஒரு சங்கமும் ஏற்பட்டது. நாம் போகும் வழி இதுதான்.

பழக ஒரு சுலபமான பயிற்சி உண்டு. கறுப்பு அட்டையையும் வெள்ளைப் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதிலேயே வரையுங்கள். முட்டை, சாவி, துணி மடிப்பு, எது கண்ணில் படுகிறதோ அது. வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் போடுங்கள், நிழலைத் தொடாதீர்கள். இதைச் செய்யாமல் நேரே கட்டைக்குப் போனவர்களின் முதல் படத்தைப் பார்த்தாலே தெரியும். போட்டோ நெகட்டிவ் மாதிரி இருக்கும்.

கட்டை

இந்த வேலைக்கு பாக்ஸ்வுட்டை மிஞ்ச எதுவும் இல்லை. மஞ்சள் நிறம், நெருக்கமான நார், கல்போலக் கனம். மிக மெதுவாக வளரும் சிறிய மரம் என்பதால் பெரிய கட்டை கிடைப்பது அரிது. பெரிய படம் வேண்டுமானால் சிறு துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். முந்தைய பத்திரிகைகளில் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்து, அவசரத்துக்குக் கழற்றி ஆளுக்கொரு துண்டாகச் செதுக்கியதும் உண்டு.

விலை அதிகம் என்பதால் முதல் கட்டைக்கு பாக்ஸ்வுட் வேண்டாம். லெமன்வுட், மேப்பிள், பேரி மரம் ஆகியவற்றின் குறுக்குவெட்டுக் கட்டைகள் போதும். செயற்கைப் பொருள்களில் செய்த கட்டைகளும் இருக்கின்றன. சீராக வெட்டும், பழகுவதற்கு நல்லது. எனக்கென்னவோ மரம் உளிக்குக் கொடுக்கும் பதில்தான் பிடித்திருக்கிறது. அளவு 5 செ.மீ.க்கு 7.5 செ.மீ. போதும். அதைவிடப் பெரிதாக எடுத்தால் முடிக்க மாட்டீர்கள்.

சிறியதில் என்ன வந்துவிடும் என்று நினைத்தால் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கைப் பாருங்கள். 1821-ல், அறுபது வயது கடந்த பிறகு, முதன்முறையாக மரத்தில் செதுக்கினார். ஒரு பாடப்புத்தகத்துக்காக 17 கட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.5 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. அகலம்தான். தொழில்முறைச் செதுக்காளர்களின் நேர்த்தி அவற்றில் இல்லை. ஆனால் அந்தி வெளிச்சத்தை அவ்வளவு சிறிய கட்டைக்குள் அவரைப்போல் கொண்டுவந்தவர்கள் குறைவு.

கட்டை வந்ததும் விளக்குக்கு எதிரே சாய்த்து, மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அச்சில் வெள்ளைக் கோடாக விழும். வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். மேசையில் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்திவையுங்கள். இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால்தான் வளையாது.

உளிகள்

கடைப் பட்டியலில் இருபது முப்பது வகை இருக்கும். உங்களுக்கு மூன்று போதும்.

முதலாவது ஸ்பிட்ஸ்டிக்கர். குறுக்கே பார்த்தால் படகின் அடிப்பாகம்போல, இரண்டு பக்கமும் வளைந்து கீழே கூர்மையாகச் சேரும். ஆழமாக அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். வளைகோட்டுக்கு இதுதான். நடுத்தர அளவில் ஒன்று வாங்குங்கள். இரண்டாவது சிறிய வட்ட ஸ்கார்ப்பர். புள்ளிகள் போடவும் சின்ன இடங்களைச் சுத்தம் செய்யவும் உதவும். மூன்றாவது கொஞ்சம் அகலமான ஸ்கார்ப்பர், பெரிய வெள்ளைப் பரப்புகளைத் தோண்டுவதற்கு. ஒரே சீரான தடிமனில் கோடு போடும் டின்ட் டூலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரே இழுப்பில் ஐந்தாறு கோடு போடும் மல்டிபிள் டூலை இப்போது தொடவே வேண்டாம். சீப்பால் வாரியதுபோலப் படம் செத்துப்போகும்.

வாங்கும் உளி கூராக வரும் என்று நம்பாதீர்கள். சாணைக்கல்லில் சொட்டு எண்ணெய் விட்டு, உளியின் சாய்ந்த முகத்தைக் கல்லோடு முழுவதும் ஒட்டவைத்து, எட்டு போடுவதுபோல மெதுவாகத் தேயுங்கள். கை ஆடினால் முகம் உருண்டுவிடும், அதுதான் இங்கே எதிரி. கூர் வந்துவிட்டதா என்று பார்க்க முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். நகத்தில் பிடித்து நின்றால் கூர். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போங்கள். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தம் கூடினால் வழுக்கும், வழுக்கினால் படமும் போகும், இடது கையும் போகும்.

அப்புறம் ஒரு மணல் பை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய, வட்டமான, இறுக்கமாக மணல் நிரப்பிய தோல் பை. கட்டை அதன் மேல்தான் உட்காரும். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் கண்ணில் அடித்தால் முன்னால் ஒரு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். அந்தக் காலத்தில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை விளக்குக்கு முன்னால் வைத்து, வெளிச்சத்தைக் கட்டையின் மேல் குவித்தார்கள். ஒரு ஸ்டாண்டு லென்ஸ் இருந்தால் கழுத்து தப்பிக்கும்.

கட்டையில் படம் ஏற்றுவது

முதலில் கட்டையின் முகத்தைக் கறுப்பாக்க வேண்டும். துணியில் கொஞ்சமே கொஞ்சம் கறுப்பு டிராயிங் மை தொட்டு, மெலிதாகத் துடைத்து எடுங்கள். ஈரம் அதிகமானால் மரம் ஊதும். காய்ந்த பிறகு உளி கீறும் ஒவ்வொரு கோடும் மரத்தின் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். படம் எப்படி வரும் என்பதைச் செதுக்கும்போதே பார்த்துக்கொண்டு போகலாம்.

அச்சில் இடம் வலமாகும். டிரேசிங் பேப்பரில் வரைந்து, அதைக் கவிழ்த்து, அடியில் வெள்ளைக் கார்பன் தாள் வைத்துக் கட்டையில் எடுங்கள். இறகுக்கு இது பெரிய விஷயமில்லை. எழுத்தோ எண்ணோ படத்தில் இருந்தால் உயிர்போகும் விஷயம். பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டால் அச்சு எப்படி விழும் என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான கோடுகளை மட்டும் ஏற்றுங்கள். இறகின் நடுத்தண்டு, வெளி எல்லை, பிளந்து நிற்கும் இரண்டு மூன்று இடங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு இழையையும் பென்சிலில் போட்டுவிட்டால் நீங்களே உங்களுக்குப் பட்டறைக்காரர் ஆகிவிடுவீர்கள்.

முதல் வெட்டு

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள்.

உளியின் கைப்பிடி காளான் மாதிரி இருக்கும், அதன் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். சீவிய பக்கம் கீழே வரட்டும். குமிழ் உள்ளங்கையில் பதியட்டும். சுட்டுவிரல் உளியின் மேல் நீண்டு கிடக்கும். கட்டைவிரல் நுனியைக் கட்டையின் மேலேயே ஊன்றி, உளியின் பக்கத்தில் ஒட்டவையுங்கள். முனை விரல்களுக்கு முன்னால் இரண்டு செ.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். நீளம் அதிகமானால் உளியைக் கழற்றிக் கைப்பிடிப் பக்கம் வெட்டிக் குறைக்கலாம்.

இப்போது உள்ளங்கையால் தள்ளுங்கள். கட்டைவிரல் நகரக் கூடாது. உளி அதை உரசிக்கொண்டு முன்னால் போகும். கட்டைவிரல்தான் பிரேக். உளி கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்க வேண்டும். கையைத் தூக்கினால் முனை மரத்தில் குத்தி நிற்கும், மிகவும் தாழ்த்தினால் மேலேயே வழுக்கிப்போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, பத்து நிமிஷத்தில் கையே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததற்கு அடையாளம், முனைக்கு முன்னால் நூல்போல ஒரு சுருள் எழும்பும். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் மரத்தின் நிறம். சத்தமும் மாறும். கரகரப்புப் போய், பட்டுத்துணியைக் கத்தரிப்பதுபோல ஒரு மெல்லிய ஓசை வரும்.

கோட்டை முடிக்கும்போது கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், முனை தானாக மேலே வரும். கோடு ஊசிபோல மெலிந்து முடியும். வளைவு வேண்டுமானால் உளியைத் திருப்பாதீர்கள். வலது கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், இடது கை மணல் பையின் மேல் கட்டையைச் சுழற்றட்டும். குயவர் சக்கரம் சுற்றுவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கை விரல்கள் எப்போதும் உளியின் பாதைக்கு வெளியே, கட்டையின் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீணான ஒரு கட்டைத் துண்டில் இணைகோடுகள் போட்டுப் பழகுங்கள். வெள்ளைக் கோடும் இடையில் நிற்கும் கறுப்பும் ஒரே அகலத்தில் இருந்தால், தள்ளி நின்று பார்க்கும்போது நடுத்தரச் சாம்பல் தெரியும். கோட்டைத் தடிமனாக்கினால் வெளுக்கும், மெலிதாக்கினால் இருளும். மரச்செதுக்கில் சாம்பல் என்று தனியாக ஒரு மை இல்லை. கறுப்பும் வெள்ளையும் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதுதான் சாம்பல். ஐந்து கட்டம் போட்டு, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படி கொண்டுவாருங்கள். அது வந்துவிட்டால் இறகுக்குப் போகலாம்.

இறகு

இறகை எடுத்ததற்குக் காரணம், ஸ்பிட்ஸ்டிக்கரின் இயல்பான வெட்டும் இறகின் இழையும் ஒரே உருவம். தண்டின் அருகே அழுத்தமாகத் தொடங்கி, வெளியே போகப்போக மெலிந்து மறையும். ஓர் இழைக்கு ஒரு தள்ளு. தப்பு செய்தாலும் பிசிறிய இழை என்று சொல்லிக்கொள்ளலாம், உண்மையான இறகிலும் பிசிறு இருக்கிறது.

ஓர் உண்மையான இறகைப் பக்கத்தில் வையுங்கள். தண்டை முதலில் செதுக்குங்கள். அடியில் தடித்து, நுனியில் தலைமுடிபோல மெலியும் ஒரே நீண்ட வெட்டு. பதற்றம் இருந்தால் மூன்று தடவையாகப் போங்கள். தண்டை ஒட்டி ஒரு பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு நிற்கட்டும். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் தண்டும் இழைகளும் ஒன்றாகிவிடும், தண்டு உருண்டையாகத் தெரியாது.

பிறகு வெளிச்சம் படும் பக்கத்து இழைகள். கட்டையைத் திருப்பி, இழைகள் உங்களிடமிருந்து விலகிப் போகும் திசைக்குக் கொண்டுவாருங்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரே மூச்சில் போடாமல், பத்துப் பதினைந்து இழை போட்டு நிறுத்துங்கள், பாருங்கள், தொடருங்கள். இழை பிளந்து நிற்கும் இடத்தில் ஆப்பு வடிவில் கறுப்பை விட்டுவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட அந்த இடம்தான் இறகுக்கு உயிர் கொடுக்கும். நிழல் பக்கத்துக்கு வரும்போது கை லேசாகட்டும். மெல்லிய கோடுகள், இன்னும் கொஞ்சம் இடைவெளி. அடியில் இருக்கும் மென்தூவிக்கு ஒழுங்கு வேண்டாம், வட்ட ஸ்கார்ப்பரின் நுனியால் சிறு கொத்தல்களும் வளைவுகளும் போதும்.

நடுவே எப்படி இருக்கிறது என்று பார்க்க, முகப்பவுடரைக் கட்டையின் மேல் தூவி விரலால் தேயுங்கள். பள்ளங்களில் பவுடர் நிற்கும், மீதி கறுப்பாகவே இருக்கும். அச்செடுக்காமலே படம் கண்முன்னால் வரும். மை போடும் முன் பிரஷ்ஷால் முழுவதும் தட்டி எடுத்துவிடுங்கள்.

இறகு முடிந்ததும் உடனே பின்னணியில் கைவைக்காதீர்கள். முதலில் ஒரு புரூஃப், அதாவது சோதனை அச்சு. கறுப்புச் செவ்வகத்தில் வெள்ளை இறகு நிற்கும். அதுவே போதும் என்று தோன்றலாம். அத்தியாயக் கடைசியில் வைக்கும் படமானால் அந்தக் கறுப்பு பக்கத்துக்குக் கனமாக இருக்கும். அப்போது ஓரங்களைத் திறக்க வேண்டும். இறகைச் சுற்றிக் கொஞ்சம் கறுப்பை விட்டு, வெளியே போகப்போகக் கோடுகளால் வெளுத்து, கடைசியில் தாளோடு கலக்கும்படி தோண்டிவிடுவது. பியூயிக்கின் குட்டிப் படங்களுக்குச் சட்டம் கிடையாது, இப்படித்தான் தாளில் கரையும். ஓரத்துக் கோடுகள் கறுத்துவிடாமல் இருக்க, செதுக்கும் முன்பே அந்தப் பகுதியை மயிரிழை அளவு தாழ்த்திச் சீவிவைப்பதும் அவருடைய வழக்கம். தாழ்ந்த இடத்தில் அழுத்தம் குறைவு, ஆகவே கோடு மெலிதாக விழும்.

தோண்டும்போது ஒரு எச்சரிக்கை. நான் முதலில் கெடுத்த கட்டை இதனால்தான் கெட்டது. அகலமான ஸ்கார்ப்பரை நெம்பினேன். உளியின் அடிப்பாகம் பின்னால் இருந்த இறகின் நுனியில் ஊன்றியிருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அச்செடுத்தபோது நான்கு இழைகளின் முனை வெளிறி, நசுங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து எதை நெம்பினாலும் உளிக்கு அடியில் ஒரு துண்டு அட்டையை வைத்துக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டு தடிமன் போதும்.

நசுங்கல் சிறியதென்றால் பிழைக்க வைக்கலாம். ஊசிமுனையால் ஒரு துளி தண்ணீரை அந்த இடத்தில் வைத்து, சூடான கரண்டிக் காம்பை அருகே கொண்டுபோனால் நார் ஊதி மேலே வரும். ஆழமாக வெட்டிவிட்ட கோட்டுக்கு அது உதவாது. அங்கே சின்னத் துளை போட்டு, அதே மரத்தில் ஆப்பு சீவி அடித்து, மட்டம் பார்த்து மறுபடி செதுக்குவார்கள். இறகுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் இன்னொரு பிளவை உண்டாக்கிவிடுங்கள்.

அச்செடுப்பது

மெல்லிய கோடுகளுக்குக் கெட்டியான எண்ணெய் மை வேண்டும். நீர்த்த மை பள்ளத்தில் இறங்கி, நீங்கள் இரண்டு வாரம் போட்ட இழைகளை ஒரு நொடியில் மூடிவிடும். கண்ணாடித் தட்டில் பட்டாணி அளவு மையை எடுத்து, கெட்டியான ரோலரால் எல்லாப் பக்கமும் உருட்டிப் பரப்புங்கள். காதைக் கொடுங்கள். மை அதிகமாக இருந்தால் ‘சப்சப்’ என்று ஒட்டும் சத்தம் கேட்கும். சரியான அளவுக்கு வந்ததும் ‘ஸ்ஸ்’ என்று சீறும். அப்போதுதான் கட்டைக்குப் போக வேண்டும். அழுத்தாமல், ரோலரின் எடையிலேயே, பல தடவை, திசை மாற்றி மாற்றி.

தாள் வழவழப்பாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். ‘கம்பி’ (gampi) என்ற செடியின் நாரில் செய்யும் ஜப்பானியத் தாள் இதற்கு அருமையானது. தாளைக் கட்டையின் மேல் ஒரே தடவையில் வையுங்கள், வைத்த பிறகு நகர்த்தாதீர்கள். மேலே இன்னொரு மெல்லிய தாளைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். கறுப்பு அதிகம் உள்ள இடத்தில் நன்றாக அழுத்தலாம். மெல்லிய கோடுகளின் மேல் தடவிக்கொடுத்தால் போதும். தோண்டிய இடத்தின் மேல் கரண்டி போகவே கூடாது, தாள் பள்ளத்தில் இறங்கி அடியில் இருக்கும் மையைத் தொட்டுவிடும். ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர் மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் திரும்பப் படுக்கவைத்துத் தேய்க்கலாம்.

பிரஸ்ஸில் போடுவதானால் இந்த வேலையையெல்லாம் முன்கூட்டியே செய்ய வேண்டும். கட்டை உயரம் குறைந்திருந்தால் அடியில் தாள் வைத்து ஏற்றுவது, கறுப்புக்கு நேராக மேலே மெல்லிய தாள் துண்டு ஒட்டுவது, ஓரங்களுக்கு நேராகத் தாளைக் கத்தரித்து எடுப்பது. அச்சகங்களில் இதை மேக்ரெடி என்பார்கள். அரை நாள் பிடிக்கும், அந்த அரை நாளைக் கொடுத்துவிடுங்கள். ஆலிஸ் கதையின் முதல் பதிப்பு 2,000 பிரதிகள் அச்சான பிறகு, படங்கள் சரியாக விழவில்லை என்று டெனியல் சொன்னார். பிரதிகளைத் திரும்பப் பெற்று, மறுபடி அச்சடித்தார்கள். செதுக்கியதில் குறையில்லாவிட்டாலும் அச்சு காலைவாரும்.

பக்கத்தில் உட்காரவைப்பது

நல்ல புரூஃபைக் கத்தரித்து, அந்தப் புத்தகத்தின் எழுத்து அச்சான ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் எழுத்துப் பத்தி ஒரு சாம்பல் பரப்பாகத் தெரியும். படமும் அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சாம்பலாகத் தெரிந்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கறுப்புக் குழிபோலத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, மேலும் வெட்ட எப்போதும் முடியும். அதனால்தான் இறகைக் கொஞ்சம் இருட்டாகவே முடிக்கச் சொல்வேன். எழுத்தும் செதுக்கும் எவ்வளவு தூரம் ஒன்றாகலாம் என்று பார்க்க ஆசை இருந்தால், ஆங்கிலச் சிற்பியும் எழுத்துரு வடிவமைப்பாளருமான எரிக் கில் 1931-ல் கோல்டன் காக்கரெல் பிரஸ் என்ற பதிப்பகத்துக்காகச் செய்த நான்கு நற்செய்திகள் புத்தகத்தின் பக்கங்களைத் தேடிப் பாருங்கள். எழுத்துருவும் அவருடையது, செதுக்கும் அவருடையது. பெரிய எழுத்துகளின் கால்களுக்கு நடுவே மனிதர்கள் நடமாடுகிறார்கள்.

ஆஃப்செட்டில் அச்சாகும் புத்தகம் என்றால் புரூஃபை 1200 டிபிஐ-யில், கறுப்பு-வெள்ளை லைன் ஆர்ட்டாக ஸ்கேன் செய்து கொடுங்கள். கிரே ஸ்கேலில் கொடுத்தால் அச்சகத்தில் அது புள்ளிகளாக உடைந்துவிடும், இழைகளின் ஓரம் பஞ்சாகிவிடும். அளவைக் கூட்டாதீர்கள், செதுக்கிய அளவிலேயே போடுங்கள்.

வேலை முடிந்ததும் கட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. துணியில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் ஒருமுறை எண்ணெயை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கோடுகளைத் தட்டுங்கள். முகத்தில் தங்கும் லேசான கறுப்பு அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்தில் தேதியும் புத்தகத்தின் பெயரும் பென்சிலால் எழுதி, தாளில் சுற்றி, விளிம்பில் நிறுத்தி அலமாரியில் வையுங்கள். ஆலிஸ் புத்தகங்களை அச்சடிக்க உலோக நகல்களைப் பயன்படுத்தியதால் மூலக்கட்டைகள் தேயாமல் தப்பின. 1985-ல் அவை லண்டனில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் கிடைத்தன. அதன் பிறகு அந்தக் கட்டைகளிலிருந்தே நேராக மறுபடி அச்செடுத்தார்கள்.